மண்ணில் ஊறிய எண்ணெய்

ஆழ்வார் ஒருவரின் அவதார ஸ்தலமென்று பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற திருமழிசை, இன்று சிட்கோ தொழிற்பேட்டையாலும் அறியப்படுகிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியும் அங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை. பட்டறைகள் மிகுந்த இத்தகைய ஊர்களில், வேஸ்ட் ஆயிலையும் தின்னரையும் தரையில் கொட்டினால் பூமியே அவற்றை ஜீரணித்துவிடும் என்று நம்புவோர் உண்டு. அந்நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதுதான் அபாயம்.

பென்சீன், டொலுவீன் முதலிய வஸ்துக்களில் ஆறு கரி அணுக்கள் எளிதில் சிதையாத வளையமாக இணைந்துள்ளன. சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள், பிராணவாயுவின் இரண்டு அணுக்களை நொதியொன்றின் துணையால் அவ்வளையத்தில் பொருத்தி, அதைக் கேட்டகால் என்னும் பொருளாக மாற்றி, மற்றொரு நொதியால் வளையத்தையே அறுத்துச் சிறுகச் சிறுக ஆகாரமாக்கிக்கொண்டு, முடிவில் கரியமிலவாயுவும் ஜலமுமாக விட்டுவிடுகின்றன. வியக்கத்தக்க காரியமே, ஆயினும் பிராணவாயு அரிதான ஆழ்நிலத்தடியில், நைட்ரேட்டையோ சல்பேட்டையோ கொண்டு இவ்வளையங்களைச் சிதைக்கும் இனங்களின் வேலை மிக மந்தமானது. ஐந்து வளையங்களுடைய பென்சோபைரீன் போன்றவை மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் கிடக்கும். எண்ணெயோடு கலந்த உலோகங்களையோ எந்தக் கிருமியும் தின்று அழிப்பதில்லை.

மண்ணின் ஜீரணத்தை நம்பியிருக்க முடியாதென்பதற்குச் சென்னையிலேயே சான்றுகள் உண்டு: 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் குடியிருப்புகளின் கிணற்று நீரில் கலந்தது; 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் பரவியபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

பென்சோபைரீன் போன்ற பல வளைய ஹைட்ரோகார்பன்கள் குடிநீரில் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அது மூக்குக்கு எட்டாத அளவு; வாடை தெரியும் முன்பே வரம்பு மீறப்பட்டிருக்கலாம். எனவே கிணற்றில் பெட்ரோல் வாடையோ எண்ணெய்ப் படலமோ தென்பட்டால், காய்ச்சிக் குடிக்கலாம் என்று எண்ணாமல், அந்நீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் உடனே நிறுத்துங்கள். கிணற்றருகே நெருப்பு வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, மாதிரி எடுக்கக் கோருங்கள். கிணற்றிலோ நிலத்திலோ மாசுப்பொருளை அறிந்தே விடுவதை 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் தடுக்கிறது. பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டுமென்பது 2016ஆம் ஆண்டு விதி. ஆலைக்கு வாரியம் அளித்த இசைவாணையின் நிபந்தனைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி கேட்டறியலாம். நஷ்டஈடு கோரிப் பசுமைத் தீர்ப்பாயத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகலாம்.

பாக்டீரியாவைத் தூவிச் சுத்தம் செய்துவிட்டோம் என்று யாரேனும் சொன்னால், தூவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த பரிசோதனை அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள்.