முன் பிரேக்கைத் தொடாதே!

பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் மாமாவோ, சித்தப்பாவோ, எதிர்வீட்டு அண்ணனோ... யாராக இருந்தாலும் முதல் பாடத்திலேயே ஒரு உபதேசம் வைத்திருப்பார். ''டேய், முன் பிரேக்கை மட்டும் தொடாதே. தூக்கி அடிச்சிரும்!''

சைக்கிள் காலத்திலிருந்து வரும் பரம்பரைச் சொத்து இது. வாடகை சைக்கிளில், இறக்கத்தில், முன் பிரேக்கை அமுக்கி ஹாண்டில்பாருக்கு மேலாகப் பறந்து பல்லைப் பறிகொடுத்த ஏதோ ஒரு மூதாதையர் சொல்லிவிட்டுப் போனது. அவர் மேல் தப்பில்லை. சைக்கிளில் நீளம் கம்மி, ஆள் உட்காரும் உயரம் ஜாஸ்தி. பைக்கின் கணக்கு வேறு. உபதேசம் மட்டும் மாறவில்லை.

எங்கள் ஆபீஸ் ஸ்டாண்டில் நாற்பது பைக்காவது நிற்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்த ஒரு சோம்பல் வேளையில், வந்தவரையெல்லாம் நிறுத்தி, ''திடீர்னு குறுக்கே நாய் வந்தா எதைப் புடிப்பீங்க?'' என்று விசாரித்தேன். பாதிக்கு மேல் வலது காலைத்தான் அமுக்கிக் காட்டினார்கள். ஒருவர் ''ஹாரன்'' என்றார். டெஸ்பாட்ச் செக்ஷன்காரர் ''முருகா!'' என்றார்.

சிரித்துவிட்டு நகர முடியவில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். பெரும்பாலும் நம்ம வயசு.

சரி, வண்டிக்குக் கீழே என்ன நடக்கிறது?

வண்டி 140 கிலோ, நீங்கள் 70 கிலோ, தோளில் லாப்டாப், டிபன் பாக்ஸ். இத்தனையும் ரோட்டைத் தொடுவது இரண்டே இடத்தில். ஒவ்வொன்றும் உங்கள் உள்ளங்கை அளவுகூடத் தேறாது. ஓடுவது, திரும்புவது, நிற்பது எல்லாமே அந்த இரண்டு துண்டு ரப்பரின் தயவு.

டவுன் பஸ்ஸில் டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டால் என்ன ஆகிறது? நிற்கிற கூட்டம் மொத்தமும் முன்பக்கம் சாய்கிறது. பைக்கிலும் அதேதான். பிரேக் விழுந்ததும் எடை முன் சக்கரத்துக்கு ஓடுகிறது. பலமாகப் பிடித்தால் மொத்த எடையில் முக்கால் பங்கு, அதற்கு மேலும்கூட, முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பின் சக்கரம் பாவம், ரோட்டை லேசாகத் தடவிக்கொண்டிருக்கும். எடை இல்லாத டயருக்குப் பிடிப்பும் இல்லை. அந்த நேரம் பார்த்து நாம் பின் பிரேக்கை மிதிமிதியென்று மிதிக்கிறோம். வேலையை விட்டு எழுந்து போய்விட்ட ஆளிடம் பைலை நீட்டுவது மாதிரி.

காய்ந்த தார் ரோடு, 60 கிலோமீட்டர் வேகம். இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 45 மீட்டர் ஆகிவிடும். வித்தியாசம் இரண்டு பஸ் நீளம். இன்னொரு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கியது. முதல் வண்டி நின்றேவிட்ட அந்த இடத்தை, பின் பிரேக் மட்டும் பிடித்த வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 45 கிலோமீட்டர்! இதில் 'ஐயோ' என்று மூளை உணர்ந்து கை நகர்வதற்கு ஆகும் ஒரு விநாடியைச் சேர்க்கவில்லை. 60-ல் அந்த ஒரு விநாடிக்குள் 17 மீட்டர் போய்விடும்.

பேப்பர் கணக்கை நம்பாத அக்கவுன்ட்ஸ் நண்பர் ஒருவர், ''போட்டுப் பாத்துருவோம்'' என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. லே-அவுட் போட்டு, ரோடு போட்டு, வீடு மட்டும் இன்னும் வராத ஒரு 'கார்டன்'. (செடிகூடக் கிடையாது.) சாக்பீஸால் கோடு கிழித்து, ஹெல்மெட், ஷூ, ஜீன்ஸ் சகிதம் 40-ல் வந்து கோட்டில் பிரேக். பின் பிரேக் மட்டும்: நண்பரின் காலடியில் அறுபத்திரண்டு. அதுவும் பின்பக்கம் மீன் வால் மாதிரி ஆடிக்கொண்டு. இரண்டும் சேர்த்து, நாலைந்து தடவை பழகிய பிறகு: முப்பத்தைந்து. தூக்கி அடிக்கவில்லை. நண்பர் மறுபடி அளந்தார். ஆடிட் புத்தி!

அந்த 'பழகிய பிறகு'தான் முக்கியம். முன் பிரேக்கைப் பாம்பைக் கண்டவன் மாதிரி சடாரென்று அள்ளிப் பிடித்தால், எடை முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் லாக் ஆகிவிடும். மாமா பயந்ததும் இதற்குத்தான். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல முதலில் லேசாக, முன் ஷாக் அப்சார்பர் அமுங்குவது தெரிந்ததும் அழுத்தமாக. இதெல்லாம் அரை விநாடிக்குள் நடக்கிற சமாசாரம். சக்கரம் லாக் ஆகிறதென்று தோன்றினால் ஒரு கணம் விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். முழங்கால் டாங்க்கை இறுக்கிக்கொள்ளட்டும், கண் நாயைப் பார்க்காமல் போகவேண்டிய சந்தைப் பார்க்கட்டும். நாயையே பார்த்தால் வண்டி நாயிடம்தான் போகும்.

லாக் ஆனால் ஏன் ஆபத்து? அழிக்கும் ரப்பரை நோட்டில் அழுத்திவைத்துத் தள்ளுங்கள். முதலில் அடம்பிடிக்கும். வழுக்க ஆரம்பித்துவிட்டால் சுலபமாகப் போய்க்கொண்டே இருக்கும். உருளுகிற டயர் ரோட்டைக் கடித்துக்கொண்டு போகிறது; லாக் ஆன டயர் தேய்த்துக்கொண்டு போகிறது. அப்புறம் ஹாண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி கேட்காது.

இதற்காக வந்ததுதான் ஏபிஎஸ். பைக்கில் அதை முதலில் கொண்டுவந்தது 1988-ல் பிஎம்டபிள்யூ. நம் ஓசூரிலிருந்து டிவிஎஸ் அப்பாச்சியில் 2011-ல் வந்தது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்குக் கட்டாயம். அதற்குக் கீழே என்றால், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ்ஸாவது வேண்டும் என்றது அப்போதைய சட்டம். ஏபிஎஸ் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இல்லாத பிடிப்பை எங்கிருந்தோ கொண்டுவராது. பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும் என்பதை வாங்கி ஆறு மாசம் கழித்துத்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. ஒரே தொகை, அதற்குள்தான் எல்லாம். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது பெரும்பங்கு திரும்புவதற்கே செலவாகிவிடும். அங்கே போய் பிரேக்கை அமுக்கினால் ஓவர்டிராஃப்ட். வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைத்துவிட வேண்டும்.

மழை வந்தால் சம்பளத்திலேயே வெட்டு. அதுவும் முதல் பத்து நிமிஷத் தூறல் இருக்கிறதே, கொட்டுகிற மழையைவிட மோசம். மாசக்கணக்கில் லாரியும் ஆட்டோவும் சிந்திய எண்ணெய் தண்ணீரோடு கலந்து ரோட்டுக்கே தாளித்துவிட்டிருக்கும். ஜீப்ரா கோட்டுப் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி, பாலத்து இரும்புப் பட்டை எல்லாம் அன்றைக்கு சோப்பு. ஆயுத பூஜைக்கு மறுநாள் இன்னொன்று: திருஷ்டிப் பூசணிக்காய்! வண்டிக்கு ஆபத்து வரக்கூடாதென்று நடுரோட்டில் உடைத்ததில் அடுத்த வண்டிக்காரன் வழுக்குகிறான். போலீஸ் வருஷா வருஷம் சொல்லிப் பார்க்கிறது.

டயரில் பட்டன் எதற்கு? பிடிப்புக்கு என்றுதான் ஆபீஸே சத்தியம் செய்தது. காய்ந்த ரேஸ் டிராக்கில் வழுவழு டயரில்தான் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்கள்! பட்டனின் தலையாய வேலை தண்ணீரை ஓரம் தள்ளுவது. வெயில் காலம் முழுக்க மொட்டை டயரில் ஒன்றும் ஆகாமல் ஓட்டியவர் ஐப்பசி அடைமழையில் விழுவது இதனால்தான். டயரின் ஓரத்தில் டிடபிள்யூஐ என்று இங்கிலீஷில் மூன்று எழுத்தோ, ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு. தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் ரிடையர்டு. புது டயரையும் முதல் நூறு கிலோமீட்டர் நம்பாதீர்கள். அச்சிலிருந்து வந்த வழவழப்பு போக வேண்டும்.

இன்னொன்று, டயரின் வயசு. ரப்பர் நின்ற இடத்திலேயே கெட்டியாகிற சாமான். டயரின் பக்கவாட்டில் குட்டியாக நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. போன மாசம் டயர் மாற்றப் போனேன். கடைக்காரர் பளபளவென்று துடைத்துக் கொடுத்ததில் தேதி ஆறு வருஷம் பழசு. விரலை வைத்துக் காட்டினேன்.

''சார் டயர் கம்பெனியா?'' என்றார்.

''இல்லண்ணே, கிளார்க்கு.''

ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார். அதைத் துடைக்கவில்லை.