நடக்கவும் பேசவும் ஒரே பை!

காலையில் கண் விழித்தவர் மனைவியைக் கூப்பிட வாயைத் திறக்கிறார். பெயர் வரவில்லை. வலது கையும் வலது காலும் மரத்துக் கிடக்கின்றன. சில நாள் ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பிறகு வீடு திரும்புகிறார். உயிர் தப்பிவிட்டது. ஆனால் ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் அடியெடுத்து வைக்க முடியாது; "தண்ணீர்" என்று கேட்கவும் முடியாது. மூளையின் இடது பாகத்தைப் பக்கவாதம் தாக்கினால் பல பேருக்கு இந்தக் கதிதான். நடையும் பேச்சும் ஒரே நாளில் போகின்றன.

இவர் அமெரிக்காவில் வசிப்பவர், வயது எழுபது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 65 வயது நிறைந்தவர்களுக்கு 'மெடிகேர்' என்ற சர்க்கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் 1965 ஜூலை 30-ந் தேதி கையெழுத்திட்ட சட்டம் அது. காலைப் பழக்க பிஸியோதெரபிக்காரர் வேண்டும்; நாவைப் பழக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் வேண்டும். இருவருக்கும் மெடிகேர் பணம் கொடுக்கிறது. கொடுக்கும் விதத்தில்தான் வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்று சொல்வது தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு!

சட்டத்தில் ஒரு சொல்

1997-ம் வருஷம் செலவைச் சுருக்க நினைத்த அமெரிக்கக் காங்கிரஸ், படுக்கையில் சேராமல் வந்துபோய்ச் செய்துகொள்ளும் சிகிச்சைகளுக்கு வருஷ வரம்பு விதித்தது. உடுத்துவது, குளிப்பது போன்ற அன்றாடக் காரியங்களுக்குக் கையைப் பழக்கும் சிகிச்சைக்கு 1500 டாலர். பிஸியோதெரபிக்கு 1500 டாலர். பேச்சுக்கு? தனியாக ஒரு காசு கிடையாது. பிஸியோதெரபியின் 1500-க்குள்ளேயே அதுவும் அடங்க வேண்டும்!

காரணம், சட்டத்தின் பழைய வாசகம். 'வெளிநோயாளருக்கான பிஸியோதெரபி' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதியவர்கள், பேச்சுச் சிகிச்சையும் அதிலே சேர்த்தி என்று எழுதிவைத்திருந்தார்கள். எழுதியபோது அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. வரம்பு வந்ததும், காலுக்கும் நாவுக்கும் ஒரே பணப்பை என்றாகிவிட்டது.

1999 ஜனவரியில் வரம்பு அமலுக்கு வந்தது. "முதலில் அப்பா நடக்கட்டும், பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு குடும்பம் நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியுமா? கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன செய்வது என்ற பயம் இருக்கிறதே! ஆனால் பக்கவாதத்தில் போன பேச்சு அதிக வேகத்தில் திரும்புவது முதல் சில மாதங்களில்தான். அப்புறம் என்பது காலதாமதம். ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவுக்கு அப்போது இந்த வரம்பு கிடையாது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தவர்களுக்கு அந்த மட்டில் ஒரு வழி இருந்தது.

எதிர்ப்பு பலமாகவே, 2000-ம் ஆண்டில் காங்கிரஸே வரம்பை நிறுத்திவைத்தது. பிறகு அது வந்தது, போனது. 2006 முதல் விதிவிலக்குகள் கொடுத்தார்கள். அவற்றுக்கும் கெடு வைத்து, கெடு முடியும் சமயத்தில் நீட்டித்து வந்தார்கள். கடைசியில் 2018 பிப்ரவரியில் வரம்பையே எடுத்துவிட்டார்கள்.

எடுத்தது வரம்பைத்தான், பை இன்னும் ஒன்றேதான். 2025-ம் ஆண்டுக்கு இரண்டு சிகிச்சைக்கும் சேர்த்து 2410 டாலர் என்று ஓர் அளவு குறித்திருந்தார்கள். அதைத் தாண்டினால் பில்லில் 'கே.எக்ஸ்.' என்ற இரண்டு எழுத்துச் சேர்க்க வேண்டும். 'சிகிச்சை அவசியமானது, அதற்கு ஆதாரம் என் குறிப்புகளில் இருக்கிறது' என்று சிகிச்சையாளர் கொடுக்கும் வாக்குமூலம் அது. எழுத்து விட்டுப்போனால் பணம் வராது. கணக்கு 3000 டாலரைத் தாண்டினால் குறிப்புகளைத் தணிக்கைக்குக் கேட்கலாம். பிஸியோதெரபிக்காரர் எவ்வளவு செலவழித்திருக்கிறார் என்று தெரியாமல் பேச்சுச் சிகிச்சையாளர் பில் எழுதுவது ஆபத்து!

பதினைந்து நிமிஷமும் ஒரு மணியும்

சொந்தமாகத் தொழில் நடத்தும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் தங்கள் பெயரிலேயே மெடிகேருக்குப் பில் அனுப்ப அனுமதி கிடைத்ததே 2009 ஜூலை முதல் தேதியிலிருந்துதான். அதற்குமுன் டாக்டரின் பெயரிலோ ஒரு ஸ்தாபனத்தின் பெயரிலோ அனுப்ப வேண்டும். அதற்கான 2008-ம் வருஷச் சட்டம் பேச்சுச் சிகிச்சைக்குத் தனி விளக்கமும் தந்தது. தனி விளக்கம் தந்தவர்கள் தனிப் பை தரவில்லை.

பில்லில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. பேச்சுப் பயிற்சிக்கு 92507. விழுங்கும் பயிற்சிக்கு 92526. பிஸியோதெரபியில் பல எண்களுக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு கணக்கு. 92507-க்கு நிமிஷக் கணக்கே கிடையாது. நாளைக்கு ஒரு தடவைதான். ஒரு சொல்லுக்காக நோயாளியோடு ஒரு மணி நேரம் மல்லாடியவருக்கும் அரை மணியில் முடித்தவருக்கும் கூலி ஒன்றே. அங்கீகரித்த தொகையில் மெடிகேர் தருவது நூற்றுக்கு எண்பது. மீதி இருபதை நோயாளியோ அவருடைய வேறு இன்ஷூரன்ஸோ கட்ட வேண்டும்.

பணம் மறுக்கப்படுவதற்கு நெடுநாள் சொல்லப்பட்ட காரணம், 'நோயாளி முன்னேறவில்லை' என்பது. நடுக்குவாதக்காரர்கள் இதனால் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. அந்த நோயில் குரல் தேய்ந்துகொண்டே போகும். இருப்பதைக் காப்பாற்றுவதே பெரிய காரியம். 'ஜிம்மோ' வழக்கில் 2013 ஜனவரியில் ஏற்பட்ட சமரசத்துக்குப் பிறகு, தேர்ந்தவரின் கை அவசியமானால், நிலைமை மோசமாகாமல் காக்கும் சிகிச்சைக்கும் பணம் உண்டு என்று மெடிகேரின் கையேட்டிலேயே எழுதினார்கள்.

இவ்வளவுக்கும் ஆதாரம் சிகிச்சையாளரின் குறிப்புதான். பத்து நாள் சிகிச்சைக்கு ஒரு தடவையாவது முன்னேற்ற அறிக்கை எழுதியாக வேண்டும். மனைவியின் பெயரை அவர் சொல்லிவிட்டார், அந்த அம்மாள் அழுதுவிட்டார் என்று எழுதினால் செல்லாது. பத்துத் தடவை கேட்டதில் எத்தனை தடவை சொன்னார், முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்த பிறகு சொன்னாரா, தானாகச் சொன்னாரா என்று எழுத வேண்டும்.