கடைமடைக்கும் கேட்கட்டும் ஊர் வானொலி



சமுதாய வானொலி உள்ள பகுதிகளில் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. “நிலையத்துக்குப் பக்கத்து ஊரிலே கணீர்னு கேட்குது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்க ஊரிலே வெறும் இரைச்சல்தான். பெரிய டிரான்ஸ்மிட்டராப் பார்த்து மாட்டிட்டா என்ன?” என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். நெல்லில் புகையான் தெரிகிறது, வயலில் தண்ணீரை வடியுங்கள் என்று நிலையம் சொல்லும்போது, அது கேட்காத ஊருக்குத்தானே நட்டம்? ஆனால் பெரிய கருவிக்குப் பணம் திரட்டும் முன்னால் சில விவரங்களைத் தெரிந்துகொண்டால், போட்ட பணம் வீணாகாது.

முதலில், அலை எப்படிப் போகிறது என்று பார்ப்போம். 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 நெல் பரவியபோது, திருச்சி வானொலியின் பேச்சைக் கேட்டுப் பயிரிட்டதால் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அது மத்திய அலை ஒலிபரப்பு. மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டு வெகுதூரம் போகும். பண்பலை அப்படியல்ல. நம் பார்வை போகிற மாதிரி ஏறக்குறைய நேராகவே போகும். நடுவில் மேடு, அடர்ந்த தோப்பு, பெரிய கட்டடம் வந்தால் வலு குறையும். பூமி உருண்டையாக இருப்பதால், ஒரு தூரத்துக்கு மேல் தரையே மறைத்துவிடும்.

சமவெளியில் 15 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் தரை மறைக்கத் தொடங்கும். 30 மீட்டரில் வைத்தால் அது 22 கிலோமீட்டர். இது எல்லைக்கோடுதான். சிறு நிலையம் தெளிவாகக் கேட்கும் தூரம் இதிலும் குறைவாகவே இருக்கும். குன்றிலிட்ட விளக்கு என்று சொல்கிறோமே, அதே கதைதான் இங்கேயும். கொடைக்கானல் பண்பலை மதுரை, திண்டுக்கல் சமவெளியில் கேட்பதற்கு அதன் 10 கிலோவாட் சக்தி மட்டும் காரணமல்ல. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலை உயரமும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கிறது.

சரி, சக்தியைக் கூட்டினால்? இரண்டு மடங்கு வாட் போட்டால் இரண்டு மடங்கு தூரம் கேட்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தடையே இல்லாத வெட்டவெளியில்கூடத் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு சக்தி வேண்டும். மரமும் வீடும் நிறைந்த தரையில் அந்தப் பலனும் முழுதாகக் கிடைக்காது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2006-இல் நெறிமுறை வகுத்தது. அதன்படி 5 முதல் 10 கிலோமீட்டர் வரை கேட்பதே நோக்கம். அதற்கு ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் பயன்சக்தி 100 வாட் போதும் என்றது. தேவையை நிரூபித்தால் 250 வாட் வரை பரிசீலிக்கலாம். ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையவும் கூடாது, 30 மீட்டரைத் தாண்டவும் கூடாது. அனுமதியில்லாமல் சக்தியைக் கூட்டினால் உரிமத்துக்கே ஆபத்து. தரமில்லாத கருவியின் அலை சிதறினால் பக்கத்து நிலையத்துக்கும் இடைஞ்சல், 108 மெகாஹெர்ட்சுக்கு மேலே உள்ள விமான அலைவரிசைக்கும் இடைஞ்சல். ஆகவே எந்த மாற்றமானாலும் உரிமம் வழங்கும் துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி பெற்றே செய்ய வேண்டும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? கிணற்று மோட்டார் நன்றாக ஓடியும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் என்ன செய்வோம்? புது மோட்டார் வாங்குவதற்கு முன் வாய்க்காலைத்தானே பார்ப்போம்! நிலையத்திலும் அதே வரிசைதான்.

1. கேபிள்: டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்தான் வாய்க்கால். மெல்லிய, பழைய கேபிளிலேயே பாதிச் சக்தி போய்விடலாம். இணைப்பில் மழைநீர் இறங்கினால் இன்னும் மோசம். அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.

2. ஆன்டெனா: நிலையத்தின் அலைவரிசைக்குச் சரியாகப் பொருந்தியதாக இருக்க வேண்டும். 50 வாட் கருவிகூட, அலையை மேலே சிதறவிடாமல் பக்கவாட்டில் திருப்பும் நல்ல ஆன்டெனாவோடு சேர்ந்தால் 100 வாட் பலனைத் தரும். இடிதாங்கியும் எர்த்தும் கட்டாயம்.

3. உயரம்: விதி அனுமதிக்கும் அளவுக்குள் ஆன்டெனாவை உயர்த்துவது, சக்தியைக் கூட்டுவதைவிடப் பெரும்பாலும் அதிகப் பலன் தரும். கோபுரம் காற்றைத் தாங்குமா என்று பொறியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. மோனோ: ஸ்டீரியோ ஒலி தெளிவாகக் கேட்க அதிக வலுவுள்ள அலை வேண்டும். பேச்சு நிகழ்ச்சிக்கு மோனோவே போதும். மோனோவில் ஒலிபரப்பினால் ஓரத்து ஊர்களில் இரைச்சல் குறையும்.

இவ்வளவும் செய்த பிறகும் எட்டவில்லையென்றால் அப்போது கூடுதல் சக்திக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சான்று வேண்டுமே! அங்கேதான் உங்கள் உதவி தேவைப்படுகிறது. ஒரே ரேடியோவை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் ‘தெளிவு, இரைச்சல், கேட்கவில்லை’ என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். வேறு வேறு நாட்களில் திரும்பப் பாருங்கள். சில நாட்களில் வானிலையால் அலை வழக்கத்தைவிட வெகுதூரம் போகும். ஒரு நாள் கேட்டதை வைத்து முடிவு கட்டக்கூடாது. வேலை முடிந்த பிறகும் இதே இடங்களில் சோதித்தால், செலவுக்குப் பலன் கிடைத்ததா என்று தெரிந்துவிடும்.

வீட்டிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் ரேடியோவை வைத்தால் அலை சரியாக வராது. ஜன்னலோரம் உயரமாக வையுங்கள். ஏரியல் கம்பியை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் நீட்டுங்கள். அதை நிமிர்த்தியும் சாய்த்தும் திருப்பியும் பார்த்து, எப்படி வைத்தால் தெளிவோ அப்படியே விட்டுவிடுங்கள். செல்போனில் கேட்பவர்கள் வயர் உள்ள இயர்போனைச் செருகுங்கள். பெரும்பாலான போன்களில் அந்த வயர்தான் ஏரியல். சில எல்.இ.டி. விளக்குகளும் இரைச்சல் தரும். அணைத்துப் பார்த்தால் தெரியும். வெளியே கம்பி கட்டுகிறவர்கள் மின்கம்பியின் பக்கமே போகக்கூடாது. இடி மின்னல் நேரத்தில் அந்தக் கம்பியைத் தொடவும் வேண்டாம்.

வாய்க்காலைச் செப்பனிட்டுவிட்டு மோட்டாரைப் பற்றி யோசிப்போம். அப்போதுதான் கடைசி ஊர்க்காரருக்கும் மழைச் செய்தியும் பூச்சி எச்சரிக்கையும் உரிய நேரத்தில் போய்ச் சேரும்.