இரு கண் காமிரா

சுட்டுவிரலை முகத்திற்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். நம் கண்களுக்கிடையே ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இதற்குக் காரணம். ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட இவ்விரு காட்சிகளையும் மூளை இணைக்கும்போது ஆழம் என்னும் உணர்வு பிறக்கிறது. சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1838-இல் இதனைக் கோட்டுச் சித்திரங்களைக் கொண்டே மெய்ப்பித்தார். புகைப்படக் கலை அப்போது உலகுக்கு அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.

இத்தத்துவத்தைப் பின்பற்றி, இரு லென்ஸுகளால் இரு படங்களை ஒருங்கே பிடிப்பது ஸ்டீரியோ காமிரா. பழைய காமிராவின் படம் சிறந்ததா, புதியதன் படம் சிறந்ததா என்று கேட்டால், புதியதே என்று நாம் தயங்காமல் கூறிவிடுவோம். இரண்டு கருவிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால் அவ்வளவு எளிதில் கூற இயலாது.

ஒன்று, அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்து 1947-இல் வெளிவந்த ‘ஸ்டீரியோ ரியலிஸ்ட்’. நகைச்சுவை நடிகர் ஹெரால்டு லாயிடு ஆர்வத்துடன் கையாண்ட காமிரா இது. மற்றது, 2010-இல் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் வெளியிட்ட ‘டபிள்யூ 3’ என்னும் டிஜிட்டல் காமிரா. முன்னதில் ஒவ்வொரு படமும் பிலிமில் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் உயரமும் 23 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பின்னதில் பிம்பம் விழும் தகடோ ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு 4½ மில்லிமீட்டர்தான். பரப்பில் பழையது இருபது மடங்கு பெரியது! சிறிய பிம்பத்தை மிகுதியாகப் பெரிதாக்க வேண்டியிருப்பதால், லென்ஸின் குறைகளும் உடன் பெரிதாகின்றன.

பழையதற்கும் குறையுண்டு. அந்நாளைய கோடாக்குரோம் பிலிமின் வேகம் 10 மட்டுமே. நல்ல வெயில் வேண்டும். மங்கிய கூடத்தில் ஓடியாடும் குழந்தையைப் படம்பிடிப்பது அரிது. அவ்விடத்தில் புதிய காமிராவே வெல்லும். படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றினும், படமாவது கிடைக்கும். இரு படங்களிலும் அப்புள்ளிகள் வெவ்வேறு இடங்களில் அமைவதால், இரு கண்ணாலும் நோக்கும்போது அவை பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. ஒரு கண்ணை மூடினால் உடனே புலப்படும்.

படத்தை எதில் காண்கிறோம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய சிலைடை லென்ஸ் வைத்த சிறு பெட்டியில், பல்பின் ஒளியில் காண்கிறோம். பிலிமில் பதிந்த நுட்பங்கள் கண்ணை எட்டுகின்றன. டபிள்யூ 3 ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு கோடிப் புள்ளிகளைப் பதிவு செய்கிறது. ஆயினும் அதன் 3½ அங்குலத் திரை, புள்ளிகளை மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து வலக்கண்ணுக்குப் பாதியும் இடக்கண்ணுக்குப் பாதியும் தருகிறது. பதிந்ததில் மிகச் சிறு பங்கே நமக்குக் கிட்டுகிறது. அத்திரையை மட்டும் பார்த்துக் காமிராவைப் பழிப்பது முறையன்று. படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு, பாட்டனார் காலத்து ஸ்டீரியாஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், அதே காமிராவின் படம் வியக்கத்தக்க தெளிவுடன் விளங்கும்.

ஃபியூஜியின் முதல் டிஜிட்டல் ஸ்டீரியோ காமிரா வெளிவந்த 2009-ஆம் ஆண்டிலேயே கோடாக்குரோம் உற்பத்தியும் நின்றது. இருட்டில் காக்கப்பட்ட அதன் பழைய சிலைடுகள் பல இன்றும் நிறம் மங்காதிருக்கின்றன. அவற்றைக் காண மின்சாரமும் தேவையில்லை. சன்னலோரத்து வெளிச்சம் போதும்.