வண்டிச் சாவியும் ஓர் அமானிதமே



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் முன்றிலில் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறினார். அவர் கையில் மடித்த கடிதம் ஒன்று இருந்தது.

“ஹஜ்ரத்! என் மகன் மதுவை ஒரு சொட்டும் தொட்டவனல்லன். அவனுடைய கூட்டாளி ஒரு திருமண இரவில் குடித்துவிட்டு வந்து வண்டி கேட்டிருக்கிறான். இவன் முகத்தை முறிக்க மாட்டாமல் சாவியைக் கொடுத்துவிட்டான். சைக்கிளில் போன கூலித் தொழிலாளி ஒருவர் அடிபட்டு இறந்துபோனார். இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றிருந்தோம். கம்பெனி அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, இப்போது அதை எங்களிடம் கேட்கிறது. குடித்தவன் ஒருவன், கட்டுகிறவர்கள் நாங்களா? மார்க்கத்தில் எங்கள் மீது குற்றம் உண்டா?”

வாசகர்களே! இக்கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அன்று. ‘நாம்தான் குடிப்பதில்லையே, குடித்துவிட்டு வண்டியோட்டுவதைப் பற்றிய சட்டம் நமக்கு எதற்கு?’ என்று எண்ணியிருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய கேள்வி அது. முதலில் நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். பின்னர் மார்க்கத்தின் தீர்ப்பைப் பார்ப்போம்.

சட்டம் விதிக்கும் தண்டனை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் இக்குற்றத்தை வரையறுக்கிறது. வண்டியோட்டுபவரின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மதுச்சத்து இருப்பது சோதனையில் தெரியவந்தால், அவர் தள்ளாடினாலும் தள்ளாடாவிட்டாலும் குற்றவாளியே. ‘எனக்குப் போதை ஏறவில்லை’ என்னும் சாக்கு அங்கே செல்லாது.

2019ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்படும் முன் முதற் குற்றத்திற்கான அபராதத்தின் உச்சவரம்பு 2,000 ரூபாயாக இருந்தது. இப்போது முதற் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கப்படலாம். மறுமுறை அதே குற்றம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் பறிபோகக்கூடும்.

உயிர் போய்விட்டாலோ வழக்கின் தன்மையே மாறிவிடுகிறது. 2006ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று அதிகாலையில், மும்பை கார்ட்டர் சாலையின் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த ஏழைத் தொழிலாளர்கள் மீது கார் ஒன்று ஏறியது. ஏழு பேர் மாண்டனர். மது அருந்தி அக்காரை ஓட்டிய இளைஞர் செய்தது வெறும் கவனக்குறைவு அன்று. மரணம் விளைவிக்கும் குற்றமே என்று கொண்டு உயர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

இனி, நாம் பெரிதும் அறியாத 188ஆம் பிரிவைக் கவனியுங்கள். இக்குற்றத்திற்கு உடந்தையாயிருப்பவருக்கும் குற்றவாளிக்குரிய அதே தண்டனை உண்டு என்கிறது அது. குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்பவர் தாம் குடிக்காதவராயினும் அவர்மீதும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று, 2022ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. ‘நான் குடிக்கவில்லை’ என்பது முழு விடுதலை அன்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

காப்பீடு எதுவரை காக்கும்?

ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு இருந்தே தீரவேண்டும் என்பது சட்டம். சாலையில் செல்லும் அந்நியர் ஒருவர் நம் வண்டியால் அடிபட்டால், அவருடைய குடும்பம் நிர்க்கதியாகிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். பிறரைக் காப்பதற்காக ஏற்பட்ட காப்பீடு அது.

ஆனால் வண்டி குடித்தவர் கையில் இருந்தபோது விபத்து நேர்ந்தால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, நம் வண்டிக்கு நேர்ந்த சேதத்திற்குக் கம்பெனி பணம் தராது. மது மயக்கத்தில் ஓட்டிய வண்டிக்கு ஈடு இல்லை என்பது பாலிசியிலேயே எழுதப்பட்ட நிபந்தனை. 2007ஆம் ஆண்டில் தில்லி இந்தியா கேட் அருகே நொறுங்கிய விலையுயர்ந்த கார் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2021ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மறுப்பை ஏற்றது. மூச்சுச் சோதனையின் முடிவு இல்லாவிடினும், சூழ்நிலைகளைக் கொண்டே குடிமயக்கத்தை மெய்ப்பிக்கலாம் என்பதும் அத்தீர்ப்பில் அடங்கும்.

இரண்டாவது, வண்டியின் உரிமையாளர் தாமே ஓட்டி இறந்துபோனால் அவர் குடும்பத்திற்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கச் செய்யும் தனிநபர் விபத்துக் காப்பீடும், அவர் குடித்திருந்தால் பயன்படாமல் போகிறது. கணவனை இழந்த பெண், தனக்கு வரவேண்டிய அந்த ஆதரவையும் சேர்த்தே இழக்கிறாள்.

மூன்றாவது, அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது. அடிபட்டவரின் குடும்பத்துக்குக் கம்பெனி முதலில் பணம் செலுத்த வேண்டும். பின்னர் அத்தொகையை வண்டியின் உரிமையாளரிடமிருந்தோ ஓட்டியவரிடமிருந்தோ வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்களும் நீதிமன்றங்களும் பல வழக்குகளில் உத்தரவிட்டுள்ளன.

தண்டனை தீர்ந்த பின்னும் இச்சுமை தொடரும் நாடுகள் உண்டு. நம் பிள்ளைகள் சிலர் வேலைக்குச் சென்றிருக்கும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடித்து ஓட்டியதாகத் தீர்ப்பானவர் தம் உரிமத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால், தமக்குக் காப்பீடு உண்டு என்பதற்கு ‘எஸ்.ஆர். 22’ என்னும் உறுதிச் சான்றைத் தம் காப்பீட்டுக் கம்பெனி வழியாக அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். பொதுவாக மூன்றாண்டுகள் அது இடையறாமல் நீடிக்க வேண்டும். இடையில் பாலிசி அற்றுப்போனால் கம்பெனியே அரசுக்கு அறிவித்துவிடும். உரிமம் மறுபடியும் நின்றுபோகும். நல்ல ஓட்டுநர்களுக்கு உரிய கட்டணச் சலுகையும் அவருக்குப் பத்தாண்டுகள் கிடையாது.

நம் நாட்டுச் சட்டம் அத்தகைய சான்றைக் கேட்பதில்லை. ஆயினும் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட குழுவறிக்கை வரைவு ஒன்று, போக்குவரத்துக் குற்றங்களுக்குப் புள்ளியிட்டு அதற்கேற்பக் கட்டணத்தை உயர்த்தலாம் என்று கூறிற்று. அதில் மிக அதிகமான 100 புள்ளிகள் குடித்து ஓட்டும் குற்றத்திற்கே ஒதுக்கப்பட்டிருந்தன.

மார்க்கத்தின் தீர்ப்பு

வாசகர்களே! தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் செய்ய வேண்டியதைத் திருமறையின் நான்காம் அத்தியாயம் 92ஆம் வசனம் விதிக்கிறது. இறந்தவரின் குடும்பத்தாருக்கு ‘தியத்’ என்னும் ஈட்டுத்தொகை தரவேண்டும். அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அது நீங்காது. அத்துடன் கொன்றவர் ‘கஃப்பாரா’ என்னும் பரிகாரமும் செய்யவேண்டும்; அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும்.

இந்த ஈட்டுத்தொகையைக் கொன்றவர் ஒருவரே சுமக்கும்படி மார்க்கச் சட்டம் விடவில்லை. அவருடைய தந்தைவழி உறவினராகிய ‘ஆகிலா’ என்னும் கூட்டத்தார் தங்களுக்குள் பகிர்ந்து, மூன்றாண்டுகளில் தவணையாகச் செலுத்துவர். தவறிழைத்தவர் நொடிந்துவிடக் கூடாது. இழந்தவர் குடும்பமும் வெறுங்கையுடன் நிற்கக் கூடாது. எத்துணை அழகிய ஏற்பாடு!

ஆனால் அதற்கு இரண்டு எல்லைகளை நம் இமாம்கள் காட்டியிருக்கிறார்கள். ஒன்று, வேண்டுமென்றே செய்த கொலையின் சுமையை ஆகிலா ஏற்காது. மற்றொன்று, பணத்தை எத்தனை பேர் பகிர்ந்துகொண்டாலும், கஃப்பாரா நோன்பைக் கொன்றவரே நோற்க வேண்டும். அவருக்காக உறவினர் பசித்திருக்க இயலாது. பணத்தைப் பிறர் கட்டலாம். பொறுப்பைப் பிறர் ஏற்க முடியாது. தானே விரும்பிக் குடித்து மதியிழந்தவன், தான் விளைத்த சேதத்திலிருந்து மதியின்மையைக் காட்டித் தப்ப முடியாது என்பதும் மார்க்கச் சட்ட வல்லுநர்களின் முடிவு.

அப்படியானால் சாவி கொடுத்தவரின் நிலை என்ன? நன்மையில் ஒருவருக்கொருவர் துணை நில்லுங்கள், பாவத்தில் துணை போகாதீர்கள் என்பது ஐந்தாம் அத்தியாயத்தின் கட்டளை. மதுவின் காரணமாகச் சாபத்திற்குரியோர் பதின்மர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டிய ஹதீஸில், குடிப்பவன் ஒருவன் மட்டும் இல்லை. பிழிபவனும் சுமப்பவனும் விற்பவனும் இருக்கிறார்கள். தீமைக்கு வழிவிடும் கையையும் மார்க்கம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த செல்வம் அமானிதம் என்றால், நம் வண்டியின் சாவியும் அமானிதமே.

அந்தப் பெரியவரிடம் இவற்றையே மென்மையாகச் சொன்னேன். “உங்கள் மகன் குடித்த பாவத்திற்கு உரியவரல்லர். குடித்தவன் என்று தெரிந்தே சாவி கொடுத்த குற்றம் அவருக்கு உண்டு. அதற்காக அவர் தௌபா செய்யட்டும். கட்ட வேண்டியதைத் தவணை கேட்டாவது கட்டுங்கள். அத்துடன் இறந்தவர் வீட்டுக்கு மகனை நீங்களே அழைத்துச் சென்று மன்னிப்புக் கேளுங்கள். அடியாருக்குச் செய்த தவறை, அந்த அடியார் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்பதை ஓதியிருக்கிறோமே!”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “பணத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன், ஹஜ்ரத். அந்த வீட்டுக்கு இதுவரை நாங்கள் போகவே இல்லை” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

தாய்மார்களே, தந்தையரே! இன்றிரவு உணவு வேளையில் உங்கள் பிள்ளைகளிடம் இதைப் பேசுங்கள். நண்பன் கோபித்துக்கொண்டாலும் சாவியைக் கொடுக்காதே என்று சொல்லுங்கள். குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறாதே. எத்தனை மணியானாலும் வீட்டுக்குச் சொல், நாங்கள் வந்து அழைத்துக்கொள்கிறோம் என்று உறுதி கூறுங்கள். திருமணத்திற்கு வேன் அமர்த்தினால், ஓட்டுநர் தெளிவாக இருக்கிறாரா என்று பார்த்த பின்னரே பெண்டு பிள்ளைகளை ஏற்றுங்கள். முகத்தை முறித்தால் நட்பு ஒருநாள் வாடும். முறிக்காவிட்டால் ஓர் உயிரே வாடிவிடக்கூடும்.

வல்ல அல்லாஹ் நம் கைகளையும், நம் கைகளில் உள்ளவற்றையும் தீங்குக்குத் துணைபோகாமல் காத்தருள்வானாக! ஆமீன்.