டெஸ்லா என்றால் வாச்சி!

நம் மின்னியல் பிரிவில் 'டெஸ்லா' என்ற சொல் காதில் விழாத வாரம் கிடையாது. காந்தப் பாய அடர்த்தியின் அலகு டெஸ்லா. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வெபர் என்றால் அது ஒரு டெஸ்லா. பரீட்சையில் இரண்டு மார்க் நிச்சயம். விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லாவின் நினைவாக 1960-ல் இந்தப் பெயரை வைத்தார்கள் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் அந்த 'டெஸ்லா' என்பது என்ன? ஊர்ப் பெயரா, அவர் அப்பா பெயரா? அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? இதைத் தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர்

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கும். பெரும்பாலும் அது அப்பா பெயரின் முதல் எழுத்து. நாளை நம் பிள்ளைகளுக்கு நம் பெயரின் எழுத்து வரும். ஆக, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் பேனாவை நிறுத்தி யோசிப்பது இதனால்தான்.

ஐரோப்பாவில் அப்படி இல்லை. தாத்தாவின் குடும்பப் பெயரே அப்பாவுக்கும் மகனுக்கும் வரும். இப்பெயர்களில் பல தொழிலிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் ஸ்மித் என்றால் கொல்லர். ஜெர்மன் மொழியில் ஷ்மிட் என்றாலும் கொல்லர்தான். செர்பிய மொழியில் கோவாச்செவிச் என்றால் கொல்லர் வீட்டுப் பிள்ளை என்று பொருள். இவையெல்லாம் சாதாரணமாகக் கேள்விப்படுகிற பெயர்கள். டெஸ்லா என்பது அப்படியல்ல, அபூர்வமான பெயர். அது தொழிலாளியின் பெயர்கூட இல்லை. அவர் கையில் இருக்கும் கருவியின் பெயர்!

செர்பிய மொழியில் 'தெஸ்லா' என்றால் வாச்சி. ஆமாம், நம் தச்சர்கள் மரம் செதுக்கும் அதே வாச்சிதான். கோடாலியின் வெட்டுவாய் காம்பு போகும் திசையிலேயே இருக்கும். வாச்சியின் வாய் மண்வெட்டி மாதிரி காம்புக்குக் குறுக்கே இருக்கும். உருட்டுக் கட்டையைச் சதுரமாக்க, மேடு பள்ளம் எடுத்துச் சமமாக்க இது வேண்டும். செர்பிய நாட்டுத் தச்சருக்கும் தஞ்சாவூர்த் தச்சருக்கும் இதில் வித்தியாசமே இல்லை.

பெயர் வந்த கதை

டெஸ்லாவின் வாழ்க்கை வரலாற்றை 1944-ல் எழுதிய ஜான் ஓநீல் என்பவர் ஒரு சுவையான செய்தி தருகிறார். அக்குடும்பத்தின் பழைய பெயர் திராகனிச் என்றும், அதில் ஒரு கிளையினருக்கு முன்பற்கள் அகலமாக, வாச்சி வாய் போல நீண்டிருந்ததால் 'டெஸ்லா' என்று பட்டப்பெயர் வந்து அதுவே நிலைத்துவிட்டது என்றும் சொல்கிறார். நம் ஊரில் பட்டப்பெயர் வைப்பதில்லையா, அந்த மாதிரி! பல்லைப் பார்த்து வைத்தார்களோ, தொழிலைப் பார்த்து வைத்தார்களோ, வாச்சி என்கிற பொருளில் மட்டும் சந்தேகமில்லை.

நிக்கோலா டெஸ்லா 1856 ஜூலை 10-ம் தேதி, இன்றைய குரோஷியாவிலுள்ள ஸ்மில்யான் என்ற கிராமத்தில் ஒரு செர்பியக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். தாயார் பள்ளிக்கூடம் போய்ப் படிக்காதவர். ஆனால் வீட்டு வேலைக்கான கருவிகளைத் தானே செய்துகொள்ளும் கெட்டிக்காரி. தனக்குக் கண்டுபிடிக்கும் புத்தி அம்மாவிடமிருந்துதான் வந்தது என்று டெஸ்லாவே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1875-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு டி.சி. இயந்திரத்தில் பிரஷ் உரசித் தீப்பொறி பறப்பதைப் பார்த்து, "கம்யூடேட்டரே இல்லாமல் ஒரு மோட்டார் ஓட்ட முடியாதா?" என்று கேட்டார். நடக்காத காரியம் என்று பேராசிரியர் வகுப்பிலேயே விளக்கம் சொல்லிவிட்டார். பட்டம் வாங்காமலே டெஸ்லா அக்கல்லூரியை விட்டு வெளியேறினார். ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை. 1888-ல் ஏ.சி. மோட்டாருக்கான காப்புரிமைகளை அமெரிக்காவில் பெற்றார். இன்று நம் லேபில் ஓடும் த்ரீ ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரும், வயல்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான்.

வீட்டில் நின்றது, உலகில் பரவியது

டெஸ்லா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரே அண்ணன் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். சகோதரிகள் மூவரும் மணமாகிப் போக, அவர்கள் பிள்ளைகளுக்குக் கணவர் வீட்டுப் பெயர் வந்தது. 1943 ஜனவரி 7-ல் நியூயார்க்கில் டெஸ்லா காலமானபோது, அவர் தந்தையின் வழியில் அந்தப் பெயரைச் சுமக்க வாரிசு இல்லை.

ஆனால் பெயர் நின்றுவிட்டதா? 1946-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் ரேடியோ முதலிய சாதனங்கள் செய்யும் தொழிற்சாலைகளுக்கு அப்பெயர் வைத்தார்கள். 2003-ல் அமெரிக்காவில் தொடங்கிய மின்சாரக் கார் கம்பெனி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 2006 முதல் பெல்கிரேடு விமான நிலையம் அவர் பெயரில் இருக்கிறது. 2023-ல் குரோஷியா யூரோவுக்கு மாறியபோது சில்லறைக் காசுகளில் அவர் முகத்தைப் பொறித்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுக்கும்போது "ஒன்றரை டெஸ்லா மிஷின்" என்கிறார்களே, அதுவும் இவர் பெயர்தான். பூமியின் காந்தப்புலம் ஒரு டெஸ்லாவில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான் என்றால், அந்த மிஷினின் பலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

எங்கள் வீட்டு வாச்சி

இந்தப் பெயரை நான் இவ்வளவு தேடியதற்குக் காரணம் உண்டு. என் அப்பா தச்சு வேலை செய்பவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அட்மிஷன் சமயத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை நிரப்பும்போது, பக்கத்தில் இருந்த ஒருவர், "சொந்தத் தொழில்னு போடு தம்பி, அதுதான் மரியாதையா இருக்கும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பா மட்டும், "தச்சு வேலைன்னே எழுதுப்பா. அதுலதான சோறு திங்கிறோம்" என்றார். அப்படியே எழுதினேன்.

டெஸ்லா சமாச்சாரத்தைச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். "வாச்சியையா பேரா வெச்சிருக்காங்க? அப்ப அவன் பாட்டன் நல்ல வேலைக்காரனாத்தான் இருந்திருப்பான்" என்றார். பல் கதையை நான் சொல்லவில்லை!

மூன்று சொல், ஒரு வேர்

கடைசியாக, என்னை மிகவும் ஆச்சரியப்படுத்திய செய்தி. 'தெஸ்லா' என்ற சொல் 'செதுக்கு' என்னும் பொருள்படும் 'தெசாத்தி' என்ற வினையிலிருந்து வந்தது. வடமொழியில் 'தக்ஷ்' என்றாலும் செதுக்குவது, 'தக்ஷன்' என்றால் மரவேலைக்காரர். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழியியல் அறிஞர்களின் முடிவு. நம் 'தச்சன்' என்ற சொல்லும் இந்த 'தக்ஷன்' வழியாக வந்ததே என்று அறிஞர் பலர் கூறுகிறார்கள்.

கிரேக்கத்துக்குப் போனால் அங்கே 'தெக்தோன்' என்றால் தச்சர், 'தெக்னே' என்றால் கைத்திறன். இவையும் அதே வேரில் முளைத்தவை. இந்த 'தெக்னே'யிலிருந்துதான் டெக்னிக், டெக்னாலஜி எல்லாம் வந்தன. 'பாலி' என்றால் பல. ஆக, பாலிடெக்னிக் என்றால் பல கைத்திறன்கள் பயிலும் இடம். நம் காலேஜ் வாசல் போர்டில் இருக்கும் சொல்லும், அலகாக நாம் மனப்பாடம் செய்யும் சொல்லும், தச்சுப் பட்டறையும் ஒரே சொந்தம்!

ஆகவே நண்பர்களே, ஒர்க்‌ஷாப்பில் கார்பென்ட்ரி வகுப்பு என்றால் "இது நமக்கெதுக்கு?" என்று ஒதுங்காதீர்கள். நம்மில் பலருடைய அப்பாக்கள் கொத்தனார், வெல்டர், தறிக்காரர், டிரைவர். நாளை நம் டிப்ளமோ சான்றிதழில் அவர்கள் பெயர் ஒற்றை எழுத்தாகத்தான் நிற்கும். அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு வாச்சியோ கரண்டியோ தறியோ இருக்கிறது என்பதை யார் கேட்டாலும் தலைநிமிர்ந்து சொல்லுவோம்.