பழைய நூற்கல்வியும் ஏசு சபையாரும்

பண்டைய நூல்களைப் பயிற்றும் கல்வியால் இக்காலத்து மாணாக்கர்க்குப் பிரயோஜனம் உண்டா என்ற விவாதம் மேல்நாட்டில் மீண்டும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்தில் 2008-ஆம் ஆண்டில் செஸ்டர்ட்டன் பெயரால் ஏற்பட்ட உயர்தரப் பாடசாலையும், அதனை ஒட்டித் தோன்றிய பிற கத்தோலிக்கப் பள்ளிகளும், பழைய இலக்கியம், தத்துவம், சமயம் ஆகியவற்றை இணைத்துக் கற்பித்து வருகின்றன. இது பழமையின்மீது கொண்ட மோகமே என்று தள்ளிவிடுவோர் பலர். நாம் அங்ஙனம் தள்ளுவதற்கில்லை. இம்முறையின் வரலாற்றை ஆராய்ந்த பின்னரே குணமும் குற்றமும் கூறுதல் தகும்.

இக்னேஷியஸ் லொயோலா நிறுவிய ஏசு சபை 1540-இல் போப்பாண்டவரின் அங்கீகாரம் பெற்றது. 1548-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் அச்சபையார் கல்லூரியொன்றைத் திறந்தனர். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் பல தேசங்களில் பெற்ற அநுபவத்தைத் திரட்டி, 1599-இல் ‘ராஷியோ ஸ்டூடியோரும்’ என்னும் கல்வி ஏற்பாட்டை வெளியிட்டனர்.

அதன்படி இளஞ்சிறார்க்கு வகுப்புகள் ஐந்து. முதல் மூன்றும் இலக்கணம்; நான்காவது இலக்கியம்; ஐந்தாவது நாவன்மை. ஒரு படியில் தேறாதவன் அடுத்த படியில் கால் வைத்தல் கூடாது. உபாத்தியாயர் சிஸரோவின் ஒரு பகுதியைப் படித்து, பொருள் விரித்து, சொல்லின் அமைதியை எடுத்துக்காட்டுவார். மாணாக்கர் அதனைத் திருப்பிச் சொல்வர்; வாரக் கடைசியில் அவ்வாரப் பாடம் முழுவதையும் மீண்டும் ஒப்புவிப்பர். வகுப்பு இரண்டு கட்சிகளாய்ப் பிரிந்து, ஒருவன் பிழையை மற்றவன் திருத்த வாதம் நிகழும். நாடகமும் உண்டு. அடித்தல் ஆசிரியர் கையில் இல்லை. அவசியம் நேரின் சபையைச் சேராத ஒருவரே தண்டிக்க வேண்டுமென்பது விதி.

இக்கல்வி அடிமை மனத்தையே வளர்க்கும் என்பாருக்குச் சரித்திரமே விடை பகர்கிறது. எதனையும் ஐயுற்று ஆராய்ந்த தத்துவ ஞானி டேக்கார்ட் லா ஃப்ளேஷ் கல்லூரியில் பயின்றவர். திருச்சபையின் அதிகாரத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்த வால்ட்டேர், பாரிஸில் லூயி-லெ-கிராண்டில் இதே பாதிரிமாரிடம் கற்றவர். தெளிவாக எண்ணவும் திறம்படப் பேசவும் ஒருவனைப் பழக்கிவிட்டால், அவன் எண்ணமும் பேச்சும் குருவின் வேலிக்குள் அடங்கி நில்லா.

எனினும் அவ்வேற்பாட்டில் பெருங் குறையொன்று உண்டு. வகுப்பில் லத்தீனே பேசவேண்டும்; தாய்பாஷைக்கு அங்கே இடமில்லை என்று 1599-ஆம் ஆண்டு விதி வற்புறுத்திற்று. 1773-இல் கலைக்கப்பட்ட சபை 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. 1832-இல் திருத்திய ஏற்பாட்டில்தான் தாய்பாஷைக்கும் கணிதத்திற்கும் இயற்கைச் சாஸ்திரத்திற்கும் தக்க இடம் கிடைத்தது. ஆகவே இம்முறையின் உயிர் லத்தீனில் இல்லை. ஒழுங்காய்ப் படித்தலிலும், திருப்பிச் சொல்லலிலும், வாதித்தலிலுமே இருக்கிறது என்பது பெறப்படுகிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இத்தாலியில் பிறந்து அச்சபையில் பயின்ற பெஸ்கி பாதிரியார், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு வந்து வீரமாமுனிவர் ஆனார். லத்தீனில் பெற்ற இலக்கணப் பயிற்சியைத் தமிழிற் செலுத்தி, தேம்பாவணி பாடினார்; சதுரகராதி தொகுத்தார்; திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். ஒரு மொழியை ஆழக் கற்றவனுக்கு மற்றொரு மொழி வசமாதல் எளிது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

நமக்கு வேண்டுவது ரோமாபுரியின் பாஷை அன்று, அவ்வகுப்பின் பழக்கமே. நம் சிறுவர் குறளையும் சிலப்பதிகாரத்தையும் பரீட்சைக்காக மனனம் செய்து மறுநாளே மறந்துவிடுகின்றனர். கண்ணகி வழக்குரைத்த காதையைப் படித்த வகுப்பில், பாண்டியன் தவறியது எங்கே என்று இருவர் எழுந்து வாதித்தால் கல்வி பிறக்கும். 1947-இல் சுதந்திரம் பெற்ற நாம், வாக்குச்சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துள்ளோம். மேடையில் கேட்ட சொல்லைச் சீர்தூக்கி மெய் காணும் ஆற்றலையும் கொடுத்தாலன்றி அச்சீட்டால் பயன் இல்லை. அவ்வாற்றலை அளிக்கவேண்டிய இடம் பள்ளிக்கூடமே. தேசபக்தர்கள் இதனைத் தம் முதற் கடமைகளுள் ஒன்றாகக் கொள்வார்களாக.